மீதி எண்ணெய்

அவரிடம் எதை நீட்டினாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். தண்ணீராயினும் சரி, தபாலாயினும் சரி. என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது, பிரிப்பதற்கு முன்பே மூக்கருகில் கொண்டுபோய், "அச்சுக்கூடத்துல மண்ணெண்ணெய் போட்டு உருளையைத் துடைச்சிருக்காங்க" என்றார். அதன் பிறகே மாப்பிள்ளையின் பெயரைப் படித்தார். இதில் விளையாட்டு ஏதுமில்லை. பிறர் ஒரு பொருளின் விலையைக் கேட்கும் இடத்தில், அவர் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார், அவ்வளவே வேறுபாடு.

பர்மாவில் எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த ஊர் ஒன்றில், ஒரு கம்பெனியின் சோதனைச்சாலையில் அவர் ரசாயனியாக இருந்தவர். பூமியிலிருந்து வந்த எண்ணெயைச் சோதித்து, அது எந்த மண்ணடுக்கில் பிறந்தது, பக்கத்துக் கிணற்று எண்ணெயோடு அதற்கு உறவு உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது என்பதை அந்தக் காகிதத்தை வைத்துத்தான் மேலதிகாரிகள் முடிவு செய்வார்களாம். யுத்தம் ரங்கூனை எட்டியபோது, மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் கால்நடையாகப் புறப்பட்டார். சென்னைக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் இருவர். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

மந்தைவெளியில் எட்டுக் குடித்தனங்கள் கொண்ட ஒரு ஸ்டோரில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்பக்கத்து அறை என்னுடையது. கடைக்கோடி அறை அவர்களுடையது. அந்த அறைக்கும் அடுத்திருந்த மாவு மில்லுக்கும் சுவர் ஒன்றே. மில் ஓடும் நேரத்தில் அவர்கள் வீட்டுத் தட்டுகள் தாமாகவே அதிரும். நான் அக்காலத்தில், கிணறுகளுக்குள் கையால் துளைபோட்டுக் குழாய் இறக்கும் கோஷ்டியில் மேஸ்திரி. அவருக்கோ நிலையான உத்தியோகம் இல்லை. ஒரு சவுக்காரப் பட்டறையில் வாரத்துக்கு இரண்டு நாள் கொப்பரை எண்ணெயைச் சோதித்துக் கொடுப்பார். மற்ற நாள்களில் அறையின் ஒரு மூலையில், தராசு ஒன்றும் சில சீசாக்களும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டோரில் எல்லோரும் அவரை ரங்கூன்காரர் என்றார்கள்.

மண்ணெண்ணெய்க்கு ரேஷன் இருந்த காலம். ஒருநாள் கடை வாசலில் நீண்ட வரிசை. தம் பங்கைப் புட்டியில் வாங்கிய ரங்கூன்காரர், வரிசையை விட்டு விலகி நின்று, மையொற்றும் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். அது பரவுவதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னா சார், கலப்படமா?" என்றாள் பின்னால் நின்ற பெண்ணொருத்தி.

"இரண்டு ஊர் எண்ணெய். ஒண்ணு கனம், ஒண்ணு லேசு."

"பாத்தியாடி! கலப்படம்னு படிச்சவரே சொல்ட்டாரு!"

"கலப்படம்னு நான் சொல்லலைங்க. இரண்டு ஊர்னுதான் சொன்னேன்."

இந்த நுண்ணிய வேறுபாடு வரிசையின் கடைசிவரை போய்ச் சேரவில்லை. கடைக்காரரின் மேசை கவிழ்ந்தது. மறுநாள் கடைக்காரர் ஸ்டோருக்கே வந்து, "உன் வாயால எனக்கு உதை விழப் பாத்துது சார். இனிமே எண்ணெ வாங்க நீ வராதே, வூட்டம்மாவ அனுப்பு" என்று கேட்டுக்கொண்டார். அவர் மிகுந்த மரியாதையோடு அதற்குச் சம்மதித்தார். ஆனால் தாம் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை.

மற்றொரு சமயம் சாந்தோம் கரையில் கருப்புக் கட்டிகள் ஒதுங்கின. மீனவர் இருவர் ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டு அவரைத் தேடி வந்தார்கள். ஜப்பான்காரனின் கப்பல் ஒன்று முழுகிவிட்டது என்று குப்பமெங்கும் பேச்சு. அதை ஒரு படித்தவர் வாயால் உறுதி செய்துகொள்ள வேண்டுமென்பது அவர்கள் ஆசை. அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். காய்ச்சினார், வடித்தார், சுட்ட சாம்பலைத் தராசில் நிறுத்தார். வாரம் முடிந்து அவர்கள் வந்தபோது, "கப்பல் அடுப்பில எரிக்கிற எண்ணெய். கடல்ல ரொம்ப நாள் கிடந்திருக்கு" என்றார்.

"ஜப்பான் கப்பல்தானே?"

"தெரியாது."

"ஒரு வாரமா வேக வெச்சியே சார், இது கூட தெர்லயா?"

"கப்பலோட கொடி எண்ணெயில் கரையறதில்லைங்க."

மூத்தவர் சிரித்துவிட்டார். இளையவர், "இதுக்கு என் பொஞ்சாதியே தேவல, வாசனை பாத்துட்டு எந்தக் கடலு மீனுன்னு சொல்லும்" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த ஏளனத்தை அவர் ஏளனமாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒருநாள் போய்க் கேக்கணும்" என்று என்னிடம் சொன்னார். போய்க் கேட்டும் வந்தார்.

தெரியாது என்ற சொல்லை அவரைப்போல் கூச்சமின்றிச் சொன்ன மற்றொருவரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலோர் அதைத் தோல்வியாகச் சொல்வார்கள். அல்லது பேச்சை முடிப்பதற்காகச் சொல்வார்கள். அவருக்கு அது அளந்து எழுதிய ஓர் அளவு. தெரிந்தது இதுவரை, இதற்கு மேல் தெரியாது என்று கோடு போட்டுக் காட்டுவார். அந்தக் கோட்டை யாருக்காகவும் ஒரு விரற்கடை நகர்த்த மாட்டார். இது கேட்பதற்கு உயர்ந்த குணமாக இருக்கிறது. அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதை அவருடைய மனைவியிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மாள் ஒருமுறை குழாயடியில் என்னிடம் சொன்னார்: "நடந்து வர்ற வழியில பெரியவளுக்குக் காய்ச்சல் கண்டப்போ, பொழைச்சுக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்னு கேட்டேன் தம்பி. தெரியலைன்னார். பக்கத்துலயே மூணு நாள் கண்ணைக்கூட மூடாம உக்காந்திருந்தார். அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லலை."

இனி அடையாற்றுக் கிணற்றுக்கு வருகிறேன்.

மயிலாப்பூர் வக்கீல் ஒருவருக்கு அடையாற்றில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. ஒரு கோடையில் தோப்புக் கிணறு வற்றிவிட, கிணற்றுக்குள்ளேயே துளைபோட்டுக் குழாய் இறக்கும் வேலை எங்கள் கோஷ்டிக்கு வந்தது. குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கிப் பூட்டும் மரைகளில் சணலைச் சுற்றி, வெள்ளை ஈயக் களிம்பு தடவ வேண்டும். அது முறை. யுத்த காலத்தில் களிம்பு கிடைக்கவில்லை. மந்தைவெளியில் பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்களைப் பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம், எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஒரு டின் வாங்கி வந்து அதைத் தடவினோம். பில்லில் மட்டும் களிம்பு என்றே எழுதியிருந்தது. அந்த டின்னை நான் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியபோது, என் முடிச்சு நழுவியது. டின் கீழே விழுந்து கவிழ்ந்தது. உள்ளே நின்ற முனுசாமி நிமிர்ந்து பார்த்து, "இன்னா நைனா, இன்னிக்கு தீபாவளின்னு சொல்லவே இல்ல, தலைக்கு எண்ணெ ஊத்துற!" என்றான். மேலே இருந்த நாங்கள் சிரித்தோம். அடிமண்ணை மேலாக வழித்துப் போட்டுவிட்டு வேலையை முடித்தோம். கருங்கல் தட்டியதும் துளையை நிறுத்தினோம்.

மழைக்காலத்தில் கிணறு ஊறியது. நீர்மட்டம் ஏறியபோது அதன் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலமும் ஏறிற்று. வக்கீலுக்குத் தோட்டக்காரர் சொல்லி அனுப்பினார். வக்கீலோ, பர்மா எண்ணெயையும் அசாம் எண்ணெயையும் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருப்பவர். அன்று முதல் அவர் தூக்கம் போயிற்று. நண்பர்கள் சிலரைச் சேர்த்து ஒரு கம்பெனி, தோப்பிலே பெரிய யந்திரம், தென்னைகளை வெட்டி இடம் ஒதுக்குவது என்று திட்டம் வளர்ந்தது. சென்னைப் பட்டணத்தில் எண்ணெய் ரசாயனி ஒருவர் சும்மா இருக்கிறார் என்று அவருக்குச் சொன்னவன் நான்தான். கிணற்றில் பூமி எண்ணெய் என்ற பேச்சு என் காதில் விழுவதற்கு முன்னரே சொல்லிவிட்டேன்.

வக்கீல் அவரை அழைத்து மரியாதையாகப் பேசினார். "ஓய், கிணத்துல வர்றது பூமி எண்ணெய்னு நீர் எழுதிக் குடுத்தா, கம்பெனிக்கு நீர்தான் தலைமை ரசாயனி. தோப்போட வாசல்ல அவுட்ஹவுஸ் ஒண்ணு இருக்கு. குடும்பத்தோட வந்துடும்" என்றார்.

"எண்ணெயைப் பார்த்துட்டுச் சொல்றேங்க" என்றார் இவர்.

முதல் நாள் கிணற்றடியில் நாங்கள் எல்லோரும் நின்றோம். அவர் ஒரு குச்சியால் படலத்தைக் கிழித்தார். சில கிணறுகளில் இரும்புச் சத்தால் இப்படி ஆடை படிவதுண்டாம். அதைக் கிழித்தால் கண்ணாடிச் சில்லுப்போல் உடைந்து விலகும். எண்ணெயானால் சுழன்று மறுபடி ஒட்டிக்கொள்ளும். படலம் சுழன்றது, ஒட்டிக்கொண்டது.

"எண்ணெய்தான்" என்றார்.

வக்கீல் கைகூப்பிக் கிழக்கே பார்த்தார்.

"எந்த எண்ணெய்னு இன்னும் சொல்லலைங்க."

முனுசாமி என் காதில், "நைனா, இது நம்ம பாய் எண்ணெடா. சொல்ட்லாமா?" என்றான். நான் அவன் காலை மிதித்தேன். படலத்தைக் கண்ட கணத்திலேயே எனக்கும் அது தெரியும். ஆனால் பில்லில் களிம்பு என்று எழுதியிருந்தது, காண்டிராக்டர் கண்டிப்பானவர், அந்தக் காலத்தில் வேலை போனால் வேறு வேலை எளிதில் கிடையாது. ரசாயனி என்னைப் பார்த்து, "குழாய் பூட்டும்போது என்ன தடவினீங்க, மேஸ்திரி?" என்றார். "சணலும் களிம்பும்" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த பதினைந்து நாள்கள் அவர் தினமும் அடையாற்றுக்கு நடந்தார். துணியால் படலத்தை ஒற்றி எடுத்துப் பிழிந்து, ஒரு துளி சிந்தாமல் சீசாவில் சேர்த்தார். அதுமட்டுமல்ல, கப்பிக்குப் போடும் விளக்கெண்ணெய், தோட்டக்காரரின் விளக்கிலிருந்த மண்ணெண்ணெய், தோட்டக்காரர் மனைவி தலைக்குத் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய் என்று அக்கம்பக்கத்தில் எண்ணெய் என்று பெயர் சொல்லக்கூடிய எல்லாவற்றிலும் ஒரு சீசா வாங்கிக்கொண்டார். "என் தலைக்கும் கம்பெனி வெக்கப் போறாங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாராம்.

பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது அவர் தம்மோடு கொண்டுவந்த பொருள்களில் ஒன்று, அங்கத்திய கிணற்று எண்ணெய் ஒரு சிறு சீசா. அதைக் கிணற்று எண்ணெயின் பக்கத்தில் வைத்து, மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டி வாங்கி வந்து, இரண்டையும் குளிர வைத்தார். பர்மா எண்ணெய் மெழுகாக உறைந்தது. கிணற்று எண்ணெய் உறையவில்லை. அதனால் இரண்டும் ஒரே குடும்பமல்ல என்றார். வேறு குடும்பமாக இருக்கலாமே என்று தமக்குத்தாமே மறுத்தும் கொண்டார். பிறகு வெளிச்சத்தை வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும் சிறு குழல் ஒன்றை எடுத்து என்னை அதன் வழியே பார்க்கச் சொன்னார். அமிலமிட்டுப் பிரித்த பர்மா எண்ணெயின் ஊடே வெளிச்சம் வந்தது. வண்ணப்பட்டையின் நடுவே மெல்லிய கருங்கோடுகள் இரண்டு நின்றன.

"மனுஷன் பிறக்கறதுக்கு எவ்வளவோ முன்னால கடல்ல செத்துப்போன பாசியோட பச்சை அது. எண்ணெயா மாறின பிறகும் இந்தக் கோடு மட்டும் அழியலை. இது இருந்தா, அது பூமியில பிறந்தது."

"நம்ம கிணத்து எண்ணெயில இருக்குங்களா?"

"கரி கலந்திருக்கு. வெளிச்சம் சரியா போகலை. கோடு இல்லைன்னு சொல்ல முடியாது. கோடு தெரியலைன்னுதான் சொல்ல முடியும்."

அந்தக் கரிதான் அவரைப் பாயின் பட்டறைக்கு இட்டுச் சென்றது. சாம்பலில் இரும்புத் தூள் கண்டார். எஞ்சினுக்குள் தேய்ந்த இரும்பு என்று யூகித்தார். மந்தைவெளியிலிருந்த பட்டறைகளில் ஏறி இறங்கினார். பாயிடம் வடித்த எண்ணெய் ஒரு சீசா கேட்டபோது பாய், "இன்னா சார், நீயும் குழாய்க்குத் தடவப் போறியா?" என்றார். மாலையில் அவர் என் அறைக்கு வந்தார். கோபமில்லை. "மேஸ்திரி, களிம்பு தடவலை, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"மரைக்குக் கொஞ்சம் தடவினோங்க" என்றேன். டின் கவிழ்ந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் அவர் குழாய்கள் கிடக்கும் எங்கள் கொட்டகைக்கு, தட்டாரிடம் இரவல் வாங்கிய பெரிய தராசோடு வந்தார். மரை வெட்டிய குழாய்த்துண்டு ஒன்றை எண்ணெய் தடவாமல் நிறுத்தார். முனுசாமியைக் கூப்பிட்டு, வழக்கப்படி தடவச் சொல்லி மறுபடி நிறுத்தார். எத்தனை மரைகள் என்று கேட்டுப் பெருக்கினார். "முக்கால் படி" என்று எழுதினார். கிணற்றிலிருந்து அவர் பிழிந்து சேர்த்தது மூன்று படி.

"மீதி எங்கிருந்து வந்தது?" என்றார். என்னை நோக்கி அல்ல, தராசை நோக்கி.

நான் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு முதல் காரணத்தை முன்பே எழுதிவிட்டேன். இரண்டாவது காரணம் அதற்கடுத்த நாள் குழாயடியில் சேர்ந்தது. அவர் மனைவி குடத்தை வைத்துவிட்டு, "தம்பி, அந்த அடையாறு வீட்டை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இரண்டு அறைம்மா. பின்னால சமையல்கட்டு தனி."

"சுவர் யாரோடயும் சேர்ந்தது இல்லையே?"

"இல்லம்மா. நாலு பக்கமும் தென்னை."

"பர்மாவுல கம்பெனி வீடு அப்படித்தான் இருந்தது. கதவைச் சாத்தினா நம்ம பேச்சு மட்டும் கேக்கும்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இவர் என்ன எழுதப் போறார்னு தெரியுமா தம்பி? நான் கேக்க மாட்டேன். கேட்டா, தெரியலைம்பார்."

இதை எழுதும்போது, வேறொன்றையும் எழுதிவிட வேண்டும். அவரிடம் நான், "இங்கே இல்லாவிட்டால் எண்ணெய் எங்கே இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். எண்ணெய் கருங்கல்லில் பிறக்காது, கடலடியில் கனமாகப் படிந்த களிமண்ணில் பிறக்கும் என்றார். அடையாற்றில் கொஞ்சம் தோண்டினால் கல். காவிரி கடலில் விழும் பக்கமோ மண் ஆழமாக இறங்குகிறது. அங்கே ஊர் ஊராகக் கிணற்று நீரையும், சேற்றில் கொப்பளிக்கும் வாயுவையும் சீசாவில் பிடித்து ஒப்பிட்டுக்கொண்டே போகலாம் என்றார். பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பக்கத்தில் எண்ணெய் எடுத்த செய்தியைப் படித்தபோது, அவர் அன்றே சொன்னார் என்று நான் பலரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அது பிழை. இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. தேடலாம் என்றுதான் சொன்னார். அவர் பிறகு சென்னையை விட்டு எங்கே போனார் என்று கேட்பவர்களுக்கும், அவர் முறைப்படி, தெரியாது என்றே சொல்லி வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வக்கீலின் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் கம்பெனியில் சேர இருந்தவர்கள் கூடினார்கள். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். துளை போடுகிறவன் என்ற முறையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், தூணோரம் நின்றேன். மேசை மேல் அவுட்ஹவுஸ் சாவி, கயிற்றில் கோத்தபடி இருந்தது.

ரசாயனி தம் அறிக்கையை நின்றுகொண்டே படித்தார். கிணற்றில் மிதந்தது எண்ணெய். அதில் கரியும் எஞ்சின் இரும்பும் உள்ளன. குழாய் மரைகளில் தடவிய பழைய எஞ்சின் எண்ணெயோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் மரைகளில் தடவியது முக்கால் படி. எடுத்தது மூன்று படி.

"மீதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை" என்று முடித்தார்.

"இருக்கா இல்லியா, ஒத்த வார்த்தையில சொல்லும்வே" என்றார் அண்ணாச்சி.

வக்கீல் கையமர்த்தினார். குறுக்கு விசாரணை அவருக்குத் தொழில். "மீதி எண்ணெய் பூமியிலேர்ந்து வந்திருக்கலாமோன்னோ?"

"அப்படி நான் நினைக்கலைங்க. கீழே கல்."

"நினைப்பைக் கேக்கலை ஓய். வரலைன்னு ருசு இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லைங்க. கரி மறைக்குது. வரலைன்னு என்னால சொல்ல முடியாது."

"போறும்! எனக்கு அவ்வளவு போறும்" என்று வக்கீல் எழுந்தார். "கேட்டேளா எல்லாரும்? மூணு படியில முக்கால் படிக்குத்தான் கணக்கு இருக்கு. மீதி பூமாதேவி குடுத்தது. தை மாசம் மரத்தை வெட்டறோம்." சாவியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "நீர் இன்னிக்கே போய் வீட்டைப் பாத்துக்கும்."

கூடத்தில் எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். சாவி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை; ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தம் விரதம் கெடாமலேயே அந்த வீடு அவருக்குக் கிடைத்துவிட்டது. நான் வாயைத் திறக்காதிருந்தால், என் வேலை எனக்கு, அவர் வீடு அவருக்கு. தென்னைகளும் அந்தக் கூடத்திலிருந்தவர்களின் சேமிப்பும் போகும். அவர்களில் எவரும் எனக்கு உறவில்லை.

ஆனால் அவர் சாவியைப் பார்க்கவில்லை. அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லில் சிக்கிய ஒன்றை நாக்கால் துழாவுகிறவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்த முகம். பதினைந்து நாளாக அப்படித்தான் இருந்தது. அந்த இரண்டேகால் படி அவரை ஆயுள் முழுதும் விடாது என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் பேசினேன் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பேசினேன்.

"டின் கவிழ்ந்துடுச்சுங்க."

"என்ன டின்?" என்றார் வக்கீல்.

நான் சொன்னேன். களிம்பு தடவாததை, பில்லை, நழுவிய முடிச்சை எல்லாம் சொன்னேன். வக்கீல் என்னைத் திட்டிய சொற்களை இங்கே எழுத வேண்டியதில்லை, அவை நியாயமானவை. காண்டிராக்டரிடம் அன்றைக்கே ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார்; அனுப்பவும் செய்தார். அண்ணாச்சி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல வேளை வே" என்று எழுந்துவிட்டார். வக்கீலின் கை நீண்டு, சாவியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடியது.

அந்த அமளியில் ரசாயனி என்னிடம் வந்துவிட்டார். "டின் எத்தனை படி?"

"நாலு படிங்க."

"விழும்போது எவ்வளவு இருந்தது?"

"பாதி டின்னுக்கு மேல. முக்கால் டின் இருக்காது."

"அடிமண்ணை வழிச்சீங்களா?"

"மேலாக வழிச்சோங்க."

அவர் நின்றபடியே காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டார். பிறகு கடைசி வரியை ஒரே கோடாக அடித்து, அதன் கீழ் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டார். நிமிர்ந்தபோது அந்த முகம் எனக்குப் புதியதாக இருந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"சரியா வருதுங்க" என்று காகிதத்தை வக்கீலிடம் நீட்டினார். வக்கீல் அதை வாங்கவில்லை.

மந்தைவெளிக்குத் திரும்பி நடந்தபோது அவர் நடையில் வேகம் இருந்தது. "ஐயா, உங்க உத்தியோகம் போச்சே" என்று நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. "டின் கிழக்குப் பக்கமாத்தானே கவிழ்ந்தது?" என்றார்.

"ஆமாங்க."

"அதான்! அந்தப் பக்கம் படலம் தடிப்பா இருந்தது" என்று சொல்லி, மேலும் வேகமாக நடந்தார்.

ஸ்டோர் நடையில் அவர் மனைவி நின்றிருந்தார். தலை வாரி, துவைத்த சேலை உடுத்தியிருந்தார். பிள்ளைகள் இருவரும் பின்னால். அந்த அம்மாள் எப்போதும்போல் ஒன்றும் கேட்கவில்லை. கணவரின் முகத்தை மட்டும் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சிரிப்பைக் கண்டதும், அவர் கை சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டது. கண்கள் நிறைந்தன. கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சிரிப்பு மாறாமலே உள்ளே போய்த் தம் மூலையில் அமர்ந்து, அறிக்கையைப் பிரித்தார்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சாமான் கொஞ்சம்தான். நாளைக்குக் காலையில ஒரு கைவண்டி கிடைக்குமா?"

நான் உள்ளே பார்த்தேன். அவர் தாம் எழுதிய கடைசி இரண்டு வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி வேண்டாம்மா" என்றேன்.